விலக்கப்பட்டவர்களும் விலக்குப் பெற்றவர்களும்

1

பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறுகிற மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரைச் சூட்டிப் பலகை வைத்திருக்கிறார்கள். பஸ் திணறித் திணறித் திரும்பும்போதெல்லாம் தமிழ் இலக்கிய வரலாறு ஜன்னலுக்கு வெளியே வந்துவந்து போகிறது. எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இது குஷியான விஷயம்தான். ஆனால் அதே பஸ்ஸில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மலைப்பிள்ளைக்கு அந்தப் பலகைகள் வேறொன்றைச் சொல்கின்றன. தமிழ் என்பது இது, உன் வாயில் இருப்பது வேறு ஏதோ ஒன்று என்று சொல்கின்றன. பள்ளிக்கூடமும் அதையேதான் சொல்கிறது, பிரம்போடும் சிவப்பு மையோடும்.

ஏலகிரியின் பழங்குடிகள் அரசின் பட்டியலில் 'மலையாளி' என்று குறிக்கப்படுகிறவர்கள். மலைவாழ் மக்கள் என்ற பொருளில் நிற்கிற பெயர் அது. கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு. பேசுவது தமிழ், அவர்களுக்கே உரிய இழுப்போடும் சொற்களோடும். சாதிச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்க்கிற கீழ்நாட்டு ஆபீசர், "ஓ, மலையாளியா? மலையாளம் நல்லா வருமா?" என்று கேட்கிற வேடிக்கையைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தமிழே பேசுகிறவர்கள் என்பதால், மொழியால் சிரமப்படுகிற பிள்ளைகள் என்ற எந்தக் கணக்கிலும் இவர்கள் வருவதில்லை. இவர்களுக்கு மொழிச் சிக்கல் இல்லை என்று ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது.

மலையிலிருந்து கீழே பார்த்தால் ஒருபக்கம் வாணியம்பாடி, அதற்கு அப்பால் ஆம்பூர். தோல் பதனிடுகிற, செருப்புத் தைக்கிற ஊர்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் இவை திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. இங்கே ஆயிரக்கணக்கான வீடுகளில் உருது பேசப்படுகிறது. இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மொழிச் சிக்கல் உண்டு என்பதை எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். அரசு, நீதிமன்றம், ஜமாஅத், தமிழறிஞர்கள் எல்லாரும். ஒத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். 2014 ஜூனிலிருந்து இரண்டு கல்வியாண்டுகள் இந்த ஊர்களில் ஒன்றில் தற்காலிகத் தமிழாசிரியனாக வேலை பார்த்தேன். பள்ளியின் பெயர் தேவையில்லை. எந்தப் பள்ளியாகவும் அது இருக்கலாம். உருதுவழி வகுப்பும் தமிழ்வழி வகுப்பும் அடுத்தடுத்த அறைகளில். இரண்டுக்கும் தமிழ்ப்பாடம் நான்தான்.

உருதுவழி வகுப்பில் ஒரு பையன். காலாண்டுத் தேர்வு விடைத்தாளில் கேள்விகளையே விடைகளாகப் பார்த்தெழுதி வைத்திருந்தான். எழுத்து குண்டு குண்டாக, அழகாக இருந்தது. நாலு மதிப்பெண் போட்டு, 'முயற்சி போதாது' என்று சிவப்பில் எழுதினேன். அந்த வாரமே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செருப்புக் கடையில் அவனைப் பார்த்தேன். மாமா கடையாம், சாயங்காலத்தில் நிற்பானாம். "இன்னா சார், நம்ம கடையில வந்து வெல பேசிகினு! அசல் தோலு சார் இது. வேணும்னா நெருப்பு வச்சிப் பாருங்க. வெளியில முந்நூறு, நீங்க சாருன்றதால எரநூத்தி எழுவது." பேரம், கேலி, மரியாதை, வியாபாரத் தந்திரம் எல்லாம் அந்தத் தமிழில் இருந்தன. மூன்று நிமிஷத்தில் என்னைச் செருப்பு வாங்க வைத்துவிட்டான். தமிழ் தெரியாதவன் என்று நான் சிவப்பு மையால் சான்று கொடுத்த பையன்.

அடுத்த அறையில் இன்னொருவன். ஏலகிரியிலிருந்து இறங்கி அரசு விடுதியில் தங்கிப் படித்தவன். வந்த புதிதில் வாய் ஓயாமல் பேசுவான். "சார், அங்க கீது சார்" என்பான். வகுப்பு சிரிக்கும். 'கீது' என்பது வட ஆர்க்காடு முழுக்கப் புழங்குகிற சொல். சிரித்தவர்களும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு எங்கே அதை விழுங்க வேண்டும் என்று தெரியும், இவனுக்குத் தெரியவில்லை. நான் ஒவ்வொரு முறையும் "இருக்கிறது என்று சொல்" என்று திருத்தினேன். தீபாவளிக்குள் அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். அவனுடைய விடைத்தாளிலும் ஒற்றை இலக்கம்தான்.

இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். ஆனால் தலைமையாசிரியர் கேட்ட பட்டியலில் முதலாமவனை 'மொழிச் சிறுபான்மை' என்றும் இரண்டாமவனை 'மெல்லக் கற்போர்' என்றும் எழுதினேன். ஒருவனுடைய தோல்விக்கு மதம் சார்ந்த காரணம். இன்னொருவனுடைய தோல்விக்கு மூளை சார்ந்த காரணம். இரண்டிலும் பள்ளி சம்பந்தப்படவில்லை, நானும் சம்பந்தப்படவில்லை. வகைப்படுத்துவது என்ற அதிகாரச் செயல்பாடு இப்படித்தான் நடக்கிறது. கையில் ஒரு பேனா, ஒரு படிவம். அவ்வளவுதான்.

3

இனி சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006. இதை ஒரு பிரதியாக வாசித்தால் முதலில் தட்டுப்படுவது தலைப்பு. 'கற்றல்' சட்டம், 'கற்பித்தல்' சட்டம் அல்ல. எழுவாய் யார் என்பது பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. 2006-07இல் 1ஆம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் 10ஆம் வகுப்பைத் தொட வேண்டும் என்பது ஏற்பாடு. பாடங்கள் நான்கு பகுதிகள். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 மற்ற பாடங்கள். பகுதி 4 தமிழோ ஆங்கிலமோ தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு, அவர்கள் விரும்பினால், அவரவர் தாய்மொழி. இதற்குமுன் முதல் பகுதியில் எழுதிக்கொண்டிருந்த உருது இப்போது நான்காவது இடத்துக்கு, அதுவும் 'விருப்பம்' என்ற அடைமொழியோடு போய்விட்டது. தாயையும் விருப்பப் பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்று தாராளமாக அனுமதித்திருக்கிறார்கள்.

இதன் பக்கத்தில் இன்னொரு பிரதியை வைத்துப் பார்க்க வேண்டும். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த 1956இல், ஏழாவது திருத்தத்தின் வழியாக அரசியல் சட்டத்தில் 350அ என்ற பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி நிலையில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சியும் 'முயலவேண்டும்' என்பது அதன் சாரம். 2009இன் கல்வி உரிமைச் சட்டம், பயிற்றுமொழி 'இயன்றவரை' குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அரசின் கடமையைச் சொல்லும்போது 'முயல', 'இயன்றவரை'. பிள்ளையின் கடமை என்று வரும்போது 'கட்டாயம்'. இலக்கணம் படித்தவர்கள் வினைமுற்றுகளைக் கவனிக்க வேண்டும். அரசியல் அங்கேதான் இருக்கிறது.

தமிழைக் கட்டாயமாக்கியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 2006இல் 1ஆம் வகுப்பில் சேர்ந்த குழந்தை 10ஆம் வகுப்புக்கு வரப் பத்து வருஷம் இருந்தது. ஒரு மொழியைச் சொல்லித்தர அது தாராளமான காலம். அந்தப் பத்து வருஷத்தில் இரண்டு காரியம் நடந்திருக்க வேண்டும். ஒன்று, உருது, தெலுங்கு, கன்னட, மலையாள வழிப் பள்ளிகளுக்கு, தமிழை இரண்டாம் மொழியாகச் சொல்லித்தரப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். இரண்டு, அதற்கென்று ஒரு பாடநூல். ஆசிரியர்கள் போதிய அளவு போடப்படவில்லை என்பது சிறுபான்மை மொழி அமைப்புகள் நீதிமன்றத்தில் வைத்த வாதங்களில் ஒன்று. பாடநூலோ, தமிழ் வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் உருது வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் ஒன்றுதான். செருப்புக் கடையில் என்னை மடக்கிய பையனுக்கு நான் வகுப்பில் சொல்லித்தந்தது நேர் நேர் தேமா. அவனுக்குத் தமிழில் ஒரு லீவ் லெட்டர் எழுத வராது என்பது எனக்கு டிசம்பரில்தான் தெரிந்தது.

4

எனவே 2016இல் முதல் அணி பொதுத் தேர்வுக்கு வந்தபோது நடக்க வேண்டியது நடந்தது. வழக்கு, விலக்கு. அதிலிருந்து நீதிமன்றத்தின் வழியாக விலக்கு நீண்டுகொண்டே வந்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்த ஆண்டு 10ஆம் வகுப்பு எழுதும் மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்கு மேலும் ஓராண்டு விலக்கு தந்தது. ஒவ்வொரு முறையும் ஓர் அணி தேர்வு மண்டபத்துக்கு வெளியே நின்று, இந்த வருஷம் உண்டா இல்லையா என்று காத்திருந்தது.

'விலக்கு' என்ற சொல் நம் மொழியில் எவ்வளவு நுட்பமானது. வரியிலிருந்து விலக்கு என்றால் சலுகை. ஊர்விலக்கு என்றால் தண்டனை. வீட்டுவிலக்கு என்றால் தீட்டு. உருதுப் பிள்ளைக்குக் கிடைத்தது முதல் வகை என்று நாம் நினைத்துக்கொண்டோம். விலக்கு வாங்கிய பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆகிறது? 2021 டிசம்பரில் அரசு ஆணை வந்தது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயம். அதில் 40 விழுக்காடு வாங்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். பதினைந்து வயதில் விலக்கு. இருபத்திரண்டு வயதில் விலக்கம். நடுவில் டேனரி, ஷூ கம்பெனி, கடை. தாலுகா ஆபீசின் இந்தப் பக்கம் மனுக்காரனாக நிற்கலாம். அந்தப் பக்கம் உட்கார முடியாது.

விலக்குப் பெற்றது பிள்ளை அல்ல, பள்ளிக்கூடம். சொல்லித்தர வேண்டிய கடமையிலிருந்து பள்ளியும் கல்வித்துறையும் பெற்ற விலக்கு அது. தமிழைக் காப்பாற்றியதாக அரசு நினைத்தது. சிறுபான்மை உரிமையைக் காப்பாற்றியதாக மற்ற தரப்பு நினைத்தது. இரண்டு காப்பாற்றலுக்கும் நடுவில் பிள்ளை ஒரு லீவ் லெட்டர் எழுதத் தெரியாமல் வெளியே வந்தான். மலைப்பிள்ளைக்கு இந்த விலக்கும் இல்லை. அவன் தமிழன். ஆகவே அவன் தோற்கலாம்; அதற்கு வழக்குப் போட எந்தச் சங்கமும் கிடையாது.

5

இந்த இடத்தில் 'தாய்மொழி' என்ற சொல்லாடலைக் கொஞ்சம் கட்டவிழ்த்துப் பார்ப்பது நல்லது. வட ஆர்க்காட்டின் லப்பை வணிகக் குடும்பங்களில் பல முன்னே தமிழ் பேசியவை, சமூக அந்தஸ்தும் வணிகமும் சார்ந்து உருதுவுக்கு நகர்ந்தவை என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆக, தாய்மொழி என்பது ரத்தத்தில் ஊறிவருவது அல்ல. வரலாற்றில் எடுத்துக்கொள்ளப்படுவது, விடப்படுவது. சரி, அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவதாவது பாடநூல் உருதுவா? இல்லை. அது தக்னி. தமிழும் தெலுங்கும் கலந்து, தெற்கிலேயே வளர்ந்த மொழி. உருதுவழிப் பள்ளியில் அதற்கும் மரியாதை இல்லை. லக்னோவும் டெல்லியும் ஒத்துக்கொள்கிற உருதுவைத்தான் அங்கே எழுத வேண்டும். உருதுவுக்குள்ளும் ஒரு செந்தமிழ் உட்கார்ந்திருக்கிறது. சிறுபான்மை நிறுவனங்களை நடத்துகிற கனவான்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். தக்னி பேசும் டேனரித் தொழிலாளியின் பிள்ளை, உருது வகுப்பிலும் பாதி ஊமைதான்.

தமிழ்ப்பக்கம் என்ன வாழ்கிறது? பள்ளியில் எழுதச் சொல்கிற தமிழ் எந்தத் தாயின் வாயிலிருந்தும் வந்ததில்லை. எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று இரட்டை வழக்கு உள்ள மொழி இது. அந்த இடைவெளியைத் தாண்ட யாருக்குப் படிப்புள்ள வீடு வாய்க்கிறதோ அவர்கள் தாண்டுகிறார்கள். அவர்களைக் கெட்டிக்காரர்கள் என்கிறோம். தாண்டாதவர்கள் 'மெல்லக் கற்போர்'. ஆக, மலைப்பிள்ளையும் உருதுப் பிள்ளையும் முட்டிக்கொள்வது ஒரே சுவரில்தான். ஒரே சுவர் என்பதைப் பார்க்கவிடாமல் செய்வதுதான் 'தாய்மொழி' என்ற கருத்தியலின் வேலை.

எதிர்ப்பக்கத்து உதாரணம் ஒன்றும் இதே ஊரில் இருக்கிறது. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் நீண்டகாலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான். அவருடைய தந்தையார் உருதுக் கவிஞர். தமிழ்ப் புதுக்கவிதைக்குக் கஜல் வடிவத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முதன்மையானவர் அவர். 'ஆலாபனை'க்கு 1999இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது தமிழ் அவரைக் கொண்டாடியது. உருது காதில் விழுந்த வீட்டிலிருந்து தமிழுக்கு ஒரு வடிவமே வந்திருக்கிறது. அதே தெருக்களில் நடந்துபோகிற பிள்ளைகளின் காதில் விழுகிற உருதுவை மட்டும் 'தடை' என்று எப்படிச் சொல்கிறோம்? ஜாஸ்தி, கம்மி, ஜல்தி, வசூல், பாக்கி, ஜாமீன் இவற்றையெல்லாம் எடுத்துவிட்டு நம் ஊரில் யாராவது ஒருநாள் பேசிக்காட்டட்டும்.

6

நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். தமிழ்நாட்டில் தமிழ் படிக்காமல் வேறு எங்கே படிப்பது என்பார்கள். நியாயமான கேள்வி, எனக்கும் அதே கேள்விதான். ஆனால் 1938இலும் 1965இலும் நாம் என்ன சொன்னோம் என்பதை ஞாபகப்படுத்திக்கொள்வோம். ஒரு மொழியைச் சட்டத்தால் தலையில் வைத்தால், அதை வீட்டில் பேசுகிறவன் முன்னால் நிற்பான், பேசாதவன் பின்னால் நிற்பான், அது போட்டியே அல்ல என்று சொன்னோம். அந்த வாதம் இந்திக்கு எதிரானது மட்டும்தானா, அல்லது நீதி பற்றியதா? நீதி பற்றியது என்றால் ஆம்பூர் பையனுக்கும் அது பொருந்தும்.

நம் சட்டத்துக்குப் பிறகு அண்டை மாநிலங்களிலும் இதேபோன்றவை வந்தன. கர்நாடகத்தில் 2015இல் கன்னட மொழி கற்றல் சட்டம். கேரளத்தில் 2017இல் மலையாள மொழி கற்றல் சட்டம். கோலார் தங்கவயலில், இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிற நம்முடைய பிள்ளைகள் இன்று இந்தச் சட்டங்களின் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக நாம் கேட்பது எதுவோ அதை இங்கே கொடுத்துவிட்டுக் கேட்பதுதான் மரியாதை.

இன்னொரு பக்கம், இந்தச் சண்டை முழுவதையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு ஆங்கிலம் நிற்கிறது. காசு உள்ள தமிழ் வீட்டுப் பிள்ளையும் காசு உள்ள உருது வீட்டுப் பிள்ளையும் ஒரே ஆங்கிலவழிப் பள்ளி வேனில் போகிறார்கள். அவர்களுக்குள் மொழிச் சண்டை கிடையாது. மொழிக் கொள்கையின் பாரத்தை முழுசாகச் சுமப்பது அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் மிஞ்சியிருக்கிறவர்கள்தான்.

வெளியுலகிலிருந்து ஒரே ஒரு வழக்கு. 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த லாவ் எதிர் நிக்கோல்ஸ். சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீன வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே வகுப்பு, அதே புத்தகம், அதே ஆசிரியர் இவர்களுக்கும் கொடுத்தோமே, இன்னும் என்ன என்று பள்ளி நிர்வாகம் கேட்டது. ஒரே மாதிரி நடத்துவது சமமாக நடத்துவது ஆகாது, மொழி புரியாதவனுக்குக் கல்வியே மறுக்கப்படுகிறது என்று நீதிமன்றம் சொன்னது. பிள்ளைக்கு விலக்கு தரவில்லை, பள்ளிக்குக் கடமை விதித்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்தத் தீர்ப்பு நின்ற தரை 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம். கறுப்பின மக்கள் ரத்தம் சிந்தித் திறந்த கதவு. அதன் வழியாகச் சீனப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஒடுக்கப்பட்டோரில் ஒரு பிரிவின் போராட்டம் இன்னொரு பிரிவுக்குக் கதவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

7

பள்ளியின் கடமை என்று நான் சொல்வது இரக்கம் அல்ல. பிள்ளையின் வாயில் இருக்கிற மொழியிலிருந்து தொடங்கி எழுத்துத் தமிழுக்குக் கூட்டிவருகிற வேலை. 1990களில் அறிவொளி இயக்கத்தில் பெரியவர்களுக்கு இதைத்தான் செய்தார்கள். கற்பவர் வாழ்க்கையில் புழங்குகிற சொல்லை எடுத்து, அதிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டினார்கள். நாம் கற்றல் சட்டம் போட்ட அதே 2006 வாக்கில், ஒடிசாவில் பழங்குடிப் பிள்ளைகளுக்கு முதலில் 10 பழங்குடி மொழிகளில் பாடநூல் எழுதித் தொடக்க வகுப்புகளை நடத்த ஆரம்பித்தார்கள். வீட்டு மொழியில் தொடங்கிப் படிப்படியாக ஒடியாவுக்குக் கொண்டுவருவது திட்டம். அதில் ஆயிரம் ஓட்டைகள் இருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு மொழி தெரியும் என்ற இடத்திலிருந்து அது புறப்பட்டது.

நமக்கு வேண்டியதும் பெரிய காரியங்கள் அல்ல. தமிழைப் புதிதாகக் கற்கிற பிள்ளைக்கென்று தனிப் பாடநூலும் அதற்குத் தகுந்த தேர்வும். யாப்புக்கு முன்னால் லீவ் லெட்டர். உருதுவழித் தொடக்கப் பள்ளியில் கொஞ்சமாவது தக்னி தெரிந்த தமிழாசிரியர். மலைப்பள்ளியில் மலைச்சொல்லைக் கேட்டால் சிரிக்காத ஆசிரியர். முடிந்தால் மலையிலேயே பிறந்தவர். நான்காம் பகுதியில் தள்ளிய தாய்மொழிக்கு மதிப்பெண் கணக்கில் மரியாதையான ஓர் இடம். இவ்வளவும் செய்தபின், விலக்கு வேண்டாம், எல்லாரும் தமிழ் எழுதுங்கள் என்று சொல்ல அரசுக்கு உரிமை வரும்.

இதைத் தள்ளிப்போட முடியாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அன்றுதான் நம்மில் பலருக்கு இந்தத் தோல் வேலை இப்போது எந்தெந்த மொழிகளில் நடக்கிறது என்று உறைத்தது. இப்படி வருகிறவர்களில் குடும்பத்தோடு வந்து தங்குகிறவர்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளியின் கடைசி பெஞ்சுக்கு வரும்போது, அவர்களுக்கும் ஒரு பட்டியல் போட்டு ஒரு பெயர் எழுதப் போகிறோமா?

செருப்புக் கடைப் பையன் அந்த ஆண்டு பள்ளியோடு நின்றுவிட்டான். மலைப்பையனை 2019இல் பொன்னேரி பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். ஏலகிரியில் ஏதோ ஒரு ரிசார்ட்டில் வேலையாம். "நல்லா இருக்கேன் சார்" என்றான். 'கீறேன்' என்று சொல்லவில்லை. நான் திருத்தித் தந்த தமிழில்தான் பேசினான். அதற்குமேல் பேச ஒன்றுமில்லாமல் இரண்டு பேரும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம்.